அளந்த முறை: காது

விண்ணப்பத்தில் 'குதிரைத்திறன்' என்ற கட்டத்தில் எண்பது என்றும், அதற்கு அடுத்த 'அளந்த முறை' என்ற கட்டத்தில் காது என்றும் எழுதி அனுப்பியிருந்தார் மெக்கானிக். ஒரே வாரத்தில் அது திரும்பி வந்தது. காது என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைக்கூட ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது.

அனுப்பியவர் பழைய வாகனச் சங்கத்தின் செயலாளர். பாலம் கட்டும் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருமுறை சங்கம் நடத்தும் மலையேற்றப் போட்டியில் வண்டிகளைக் குதிரைத்திறன்படி இரண்டாகப் பிரிப்பார்கள். எழுபத்தைந்து வரை இலகு பிரிவு, அதற்கு மேல் கன பிரிவு. எந்த வண்டி எதில் சேரும் என்பதில் செயலாளர் தம்பி முறை, மாமன் முறை எதுவும் பார்ப்பதில்லை.

மெக்கானிக்கை ஊரில் எல்லாரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பது அறுபது வருஷப் பழைய லாரிகளின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி ஓட வைப்பது அவர் தொழில். எஞ்சின் முதல்முதலாக ஓடும் நாளில் ஒரு நீள ஸ்குரூடிரைவரின் முனையைச் சிலிண்டர் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஷெட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. பிறகு கண்ணைத் திறந்து ஓர் எண் சொல்வார். "தொண்ணூத்திரெண்டு." அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து எஞ்சின் மேல் ரிவெட் அடித்துவிடுவார். வாங்கிப்போகிறவர்களுக்கு எஞ்சினைவிட அந்தத் தகட்டின் மேல்தான் பிரியம் அதிகம். எல்லாரும் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்களே தவிர, உண்மையா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அளக்கிற இயந்திரம் இருக்கும் இடத்தில் ஒருமுறை விசாரித்ததற்கு, "இந்த வயசு எஞ்சினை எங்க மெஷின்ல ஏத்த முடியாதுங்க, அது சிதறினா பொறுக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தடவை லாரி அவருடையதே. மூக்கு நீண்ட பச்சை லாரி. யாரோ ஒருவர் தோட்டத்தில் கோழி அடைக்க வைத்திருந்ததைக் கொண்டுவந்து, மூன்று வருஷம் சிறுகச் சிறுகச் சரிசெய்திருந்தார். எஞ்சினிலிருந்து முட்டை ஓடு எடுத்த ஒரே மெக்கானிக் தான்தான் என்று அதைப் பற்றியும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவர் மனைவிக்கு எடைமேடையில் வேலை. சரக்கு லாரிகள் இரும்புத் தளத்தின் மேல் வந்து நிற்கும். சின்னக் கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். அவள் சீட்டு அடித்துக் கொடுப்பாள். பதினெட்டு வருஷமாக இதே வேலை என்பதால், லாரி வளைவில் திரும்பும்போதே அதன் டயரையும் ஸ்பிரிங் பட்டையையும் பார்த்து எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள். ஆக, கணவன் மனைவி இருவருமே மதிப்பிடுகிறவர்கள். ஒரே வித்தியாசம், அவர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க உலகத்தில் ஆள் கிடையாது. இவள் சொல்லும் எண்ணை அடுத்த நிமிஷமே இயந்திரம் சரிபார்த்துவிடும். அதனால் அவரிடம் நம்பிக்கை அதிகம், இவளிடம் திறமை அதிகம்.

திரும்பி வந்த விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் போட்டுவிட்டு, காதுக்காரர் அறைக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

"கேள்விக்குறி போட்டிருக்கான் பாரு. என்னைப் பார்த்து கேள்விக்குறி."

"உங்களைப் பார்த்து இல்ல, காதைப் பார்த்து" என்றாள் மனைவி, படிவத்தைப் படித்துக்கொண்டே. "அளந்தே காட்டிடலாமே."

"எதை வெச்சு?"

"தண்ணித் தொட்டி மேட்டு ரோட்டை வெச்சு."

ஊர் எல்லையில் ஒரு குன்று. அதன் உச்சியில் குடிநீர்த் தொட்டி. அடிவாரக் குழாயிலிருந்து தொட்டி வரை உயரம் நாற்பத்தெட்டு மீட்டர் என்று குடிநீர்த் துறையே பலகை எழுதி வைத்திருந்தது. எழுபத்தைந்து கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். எடை தெரிய வேண்டும், உயரம் தெரிய வேண்டும், ஏற எத்தனை நொடி ஆனது என்று தெரிய வேண்டும். மூன்றையும் அவள் காய்கறிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

செயலாளர் தொலைபேசியில் முழுவதும் கேட்டார். ஒரு வரி சேர்த்தார். டயரும் கியரும் காற்றும் தின்றது போக மீதிதான் மேட்டில் தெரியும், ஆகவே வருகிற விடையில் நாலில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். "ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். ஸ்டாப் வாட்ச் என்னோடது. வண்டி ஓடி வந்து குழாய்கிட்ட போடுற கீழ்க்கோட்டைத் தாண்டணும், அதே வேகத்துல தொட்டிகிட்ட போடுற மேல்கோட்டைத் தாண்டணும். எடை மட்டும் துல்லியமா இருக்கணும், சொல்லிட்டேன். துல்லியம்."

"எடையைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க சார்" என்றாள் அவள்.

வியாழக்கிழமையே காதுக்காரரோடு சேர்த்துக் காலி லாரியை மேடையில் ஏற்றிச் சீட்டு அடித்தாகிவிட்டது. மூவாயிரத்து இருநூறு கிலோ. எஞ்சினைத் திணற வைக்க ஒன்றரை டன் பாரம் வேண்டும். ஜல்லி ஏற்றிவருவதாகக் குவாரிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள், ஜல்லியைத் தவிர.

காதுக்காரரின் பெரியக்கா தன் வீட்டு ஆட்களோடு வந்திருந்தாள். மனைவியின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள், அவர்கள் சம்பந்திகள் என்று தொட்டி மேட்டின் அடிவாரத்தில் இருபத்தோரு பேர். தம்பி மூன்று வருஷமாக ஷெட்டுக்குள் என்னதான் செய்தான் என்று பார்க்க வந்தவர்கள். குவாரிக்காரரோ, டிப்பரின் அச்சு உடைந்து பாதி வழியில் நிற்பதாகப் போனில் அழாத குறையாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார், பிறகு காதுக்காரரின் காதைப் பார்த்தார்.

"பாரம்தானே வேணும்?" என்றாள் பெரியக்கா. "நாங்க இத்தனை பேர் என்ன காத்தா? ஏறுங்கப்பா எல்லாரும்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஞாயிறு எடைமேடைக்கு விடுமுறை, முதலாளி சாவியோடு வெளியூர் போயிருந்தார். ஆகவே ஆளுக்கொரு எண் சொல்ல, அதை எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. எடைமேடைக்காரி நோட்டைத் திறந்து லாரியின் பின்கதவு அருகே நின்றாள்.

"அண்ணி, நீங்க?"

"அம்பத்தஞ்சு" என்றாள் பெரியக்கா, கண் இமைக்காமல்.

பேனா ஒரு கணம் தயங்கியது. பெரியக்கா முதல் படியில் கால் வைத்ததும் லாரியின் பின்பக்கம் லேசாக முனகியது. இரண்டு பேர் கைகொடுத்து, ஒருவர் கீழிருந்து தாங்கி, அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தைந்து என்று எழுதினாள் தம்பி மனைவி.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. பெரியக்காவே ஐம்பத்தைந்து என்றால் அவளைவிட மெலிந்த சம்பந்தியம்மா எப்படி ஐம்பதுக்கு மேல் சொல்வது? அவள் நாற்பத்தெட்டு என்றாள். பெரியக்காவின் கணவரான அத்தான் அறுபது என்றார். "கல்யாணத்தப்போ எடுத்தது" என்று நேர்மையாக ஒரு விளக்கமும் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். மனைவியின் அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு "அறுபத்தஞ்சு" என்றார். வயிற்றை இழுத்தால் எடை குறையும் என்று அவர் நம்பியது போலத்தான் இருந்தது. ஏனென்றால் அவள் எழுதி முடிக்கும்வரை மூச்சையும் விடவில்லை.

கடைசியாகச் செயலாளர் ஸ்டாப் வாட்ச்சோடு முன்னால் ஓட்டுநர் அருகே ஏறினார். "எழுபது" என்று சுருக்கமாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கதவு இரண்டாவது தடவைதான் சாத்திக்கொண்டது.

லாரி தூரத்திலிருந்து ஓடி வந்து கீழ்க்கோட்டைத் தாண்டியது. பின்னால் இருபத்தோரு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஓ" என்று கத்தினார்கள். மேடு ஏற ஏற எஞ்சின் சத்தம் கனத்தது. ஆனால் திணறவில்லை, குதிக்கவில்லை, ஒரே சீராக உறுமிக்கொண்டே போயிற்று. கீழே நின்று பார்த்த மனைவிக்குக்கூட மயிர்க்கூச்செடுத்தது. மேல்கோட்டைத் தாண்டியதும் செயலாளர் ஜன்னல் வழியே கையை நீட்டினார். நாற்பத்தொன்பது நொடி.

தொட்டியின் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வண்டியும் ஓட்டுநரும் மூவாயிரத்து இருநூறு. ஆட்கள் இருபத்திரண்டு பேர், ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறு. பெருக்கி, வகுத்து, நாலில் ஒரு பங்கு கூட்டிச் செயலாளர் கோடு கிழித்தார்.

"எழுபத்திமூணு."

காதுக்காரர் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் எண்பது வரவில்லை.

"பரவாயில்ல சார், வயசான எஞ்சின்" என்றார் செயலாளர். ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் மோசம். "இலகு பிரிவுல போட்டுக்கலாம்."

அன்று மத்தியானம் காதுக்காரர் சாப்பிட உட்காரவில்லை. ஷெட்டுக்குப் போய் லாரியின் முன்பக்க மூடியைத் தூக்கிப் பித்தளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி நோட்டோடு வந்து பக்கத்தில் இருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷம் எத்தனை தகடு அடிச்சிருப்பேன்" என்றார் அவர். "அத்தனையும் பொய்யா? என் காது பொய் சொல்லுதா?"

"உங்க காது பொய் சொல்லலை. உங்க சொந்தக்காரங்கதான் பொய் சொல்றாங்க."

அவருக்குச் சுரீர் என்றது. "எங்க ஆளுங்களை எதுக்கு இழுக்கிற? உங்க அண்ணன் எவ்வளவு சொன்னாரு?"

"அறுபத்தஞ்சு."

அண்ணன் வயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற காட்சி இருவர் மனதிலும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். முதலில் அவள் சிரித்தாள். அவர் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார், முடியவில்லை.

"டயரைப் பார்த்தேங்க. ஒன்றரை டன் ஜல்லி ஏத்தினா எப்படி நசுங்குமோ அப்படி நசுங்கியிருந்துச்சு. இவங்க சொன்ன கணக்குக்கு அவ்வளவு நசுங்காது. எப்படியும் முந்நூறு கிலோ இடிக்குது."

"முந்நூறா! அப்போ எண்பது வந்துருமா?"

"கிட்ட வரும். ஆனா நான் பார்த்து சொன்னா செயலாளர் ஒத்துக்குவாரா? காதுக்கு பதிலா கண்ணுன்னு எழுத சொல்லுவாரு. மேடைல ஏத்தணும்."

"பெரியக்காவை எடை மேடைல நிறுத்துறதா? அதுக்கு நான் எஞ்சினை கோழிக்கே திருப்பி குடுத்துருவேன்."

அதற்கும் அவளிடம் வழி இருந்தது. தனித்தனியாக யாரையும் நிறுத்த வேண்டாம். எல்லாரும் வெளியே தெருவிலேயே லாரியில் ஏறட்டும். லாரி மேடைக்கு வரும், மொத்த எடை காட்டும், வெளியே போகும், அங்கே போய் இறங்கட்டும். யார் எவ்வளவு என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் காலை போன் செய்து சொன்னபோது பெரியக்கா நெடுநேரம் யோசித்தாள். "மொத்தமாத்தானே?"

"மொத்தமாத்தான் அண்ணி."

"தம்பிக்காக வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நேத்து நான் சரியாத்தான் சொன்னேன்னு நினைக்கிறேன். உன் அண்ணன் சொன்னதுதான் எனக்கு கொஞ்சம் இடிச்சுது."

திங்கட்கிழமை மாலை அதே இருபத்தோரு பேரும் வந்தார்கள். செயலாளரும் அதே இடத்தில், முன்னால் ஏறிக்கொண்டார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது; அத்தான் செருப்பைக்கூட வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். லாரி மெதுவாக இரும்புத் தளத்தின் மேல் ஏறி நின்றது. கண்ணாடி அறைக்கு வெளியே, சாலையில் போகிறவர்களும் பார்க்கும்படி ஒரு பெரிய எண் பலகை உண்டு. அதில் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.

4790.

ஆட்கள் சொன்னதைவிட முந்நூற்றுப் பதினாலு கிலோ அதிகம். செருப்பையும் மத்தியானச் சாப்பாட்டையும் கழித்த பிறகு.

லாரியின் பின்பக்கத்தில் எல்லாரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். "ஈரத்தலையோட வந்துட்டேன்" என்றாள் சம்பந்தியம்மா, யாரும் கேட்காமலே.

அப்போதுதான் செயலாளர் அந்தக் காரியத்தைச் செய்தார். துல்லியமான மனிதர் அல்லவா? வெளியே இருக்கும் பலகையை நம்பாமல், அறைக்குள் இருக்கும் எண்ணையும் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் கதவைத் திறந்து கீழே இறங்கினார். மேடையைத் தாண்டித் தரையில் கால் வைத்தார்.

பலகையில் எண்கள் மறுபடி ஓடின. நின்றன.

4690.

இருபத்தோரு பேரும் வாயைத் திறந்துகொண்டு பலகையைப் பார்த்தார்கள். பிறகு, ஒரே சமயத்தில், செயலாளரைப் பார்த்தார்கள். அவர் அறையை நோக்கி நாலடி நடந்த பிறகுதான் இந்த அமைதி எதற்கு என்று புரிந்து திரும்பிப் பார்த்தார்.

"நூறு!" என்று முதலில் கூவியது பெரியக்கா. "எழுபதுன்னாரே! ஆத்தாடி, முப்பது கிலோ! ஒரே ஆள்!"

லாரி குலுங்கியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் மாட்டிக்கொண்டதும் மற்ற எல்லாருக்கும் விடுதலை கிடைத்துவிட்டது. "நான் எழுபத்தெட்டுங்க!" என்றார் அத்தான். "நான் எண்பத்தொண்ணு!" என்றார் மனைவியின் அண்ணன், இரண்டு நாளாக உள்ளே இழுத்து வைத்திருந்த வயிற்றை நிம்மதியாக விட்டுக்கொண்டு. சிரிப்பின் நடுவே பலகையில் எண்கள் 4670, 4710 என்று ஏறி இறங்கித் தாளம் போட்டன. பெரியக்கா மட்டும் தன் எண்ணைச் சொல்லவில்லை. அடுத்தவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செயலாளரின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. எடைமேடைக்காரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்ட கூட எழுபத்தஞ்சுன்னுதாம்மா சொல்லுவேன்" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"டாக்டர் நம்பினாரா சார்?"

"அவரு மெஷின்ல ஏற சொன்னாரு. அதோட அங்க போறதையே விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதுக் கணக்கு எழுதினார். எழுபத்தெட்டு புள்ளி இரண்டு. 'அளந்த முறை' என்ற கட்டத்தில் மேடு, எடைமேடை, கடிகாரம் என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காதுக்காரர் அந்த மீதி ஒன்றேமுக்கால் குதிரையைத் தேடிக்கொண்டிருந்தார். காற்று எதிரே அடித்தது என்றார். பெரியக்கா கத்தியதில் கவனம் சிதறியது என்றார். தொட்டிப் பலகையில் இருப்பது உண்மையில் நாற்பத்தொன்பது மீட்டராக இருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது ஷெட்டில் உளி சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். அவர் பழைய தகட்டைக் கழற்றிவிட்டு, எழுபத்தெட்டு என்று புதிதாக ஒன்று பொறித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "புள்ளி ரெண்டுக்கு இடமில்ல" என்றார்.

போட்டியன்று பச்சை லாரி கன பிரிவில் ஓடியது. எழுபத்தைந்துக்கு மேல் என்றால் எழுபத்தெட்டும் அங்கேதான், நூற்றிருபதும் அங்கேதான். மொத்தம் ஆறு வண்டிகள். மற்ற ஐந்தும் மலை உச்சியில் ஏறி, நின்று, ஓட்டுநர்கள் இறங்கி டீ குடிக்க ஆரம்பித்த பிறகு, அதே சீரான உறுமலோடு காதுக்காரர் வந்து சேர்ந்தார். இலகு பிரிவில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கிய வண்டி இவரைவிடப் பதினோரு நொடி தாமதம் என்று பிறகுதான் தெரிந்தது.

பெரியக்காவுக்கு ஆறவே இல்லை. "நாங்க சொன்ன எடையவே வெச்சிருந்தா எழுபத்திமூணு. அந்த பிரிவுல ஓடியிருந்தா கோப்பை இந்நேரம் நம்ம வீட்ல. நல்லதுக்குத்தான்டா சொன்னோம்!"

"கடைசிதான்க்கா" என்றார் காதுக்காரர். லாரியின் மூடியைத் திறந்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தகட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஆனா இது அளந்து வந்த கடைசி. அந்த நூத்திருபது, நூத்திபத்து எல்லாம் எவன் அளந்தான்?"

"அதை அலமாரியில வெக்க முடியாதேடா."

செயலாளர் பரிசளித்து முடித்துவிட்டு அந்தப் பக்கம் வந்தார். இறங்கும்போது இந்த லாரியிலேயே வரட்டுமா என்று கேட்டார். போட்டியை வேடிக்கை பார்க்க வந்து, இறங்குவதற்காகப் பின்னால் ஏறியிருந்த அந்த இருபத்தோரு பேரும் உற்சாகமாக இடம் விட்டார்கள். யார் எவ்வளவு என்று இனி யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை. எடைமேடைக்காரி பின்கதவைச் சாத்தும் முன், ஒருவரும் விட்டுப்போகவில்லையே என்று தலைகளை மட்டும் எண்ணினாள்.